இரண்டு ராணிகளும் ஒரு வார்டும்

ராஜரத்தினம் தன் இரண்டு மகள்களுக்கும் ராணி என்று முடியும்படியே பெயர் வைத்தார். மூத்தவள் ஜெயராணி, இளையவள் யோகராணி. கலகெதரைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர் அவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைகளுக்கு ராணிப் பட்டம் எதற்கு என்று யாராவது கிண்டல் செய்தால், "பேர்லயாவது இருந்துட்டுப் போகட்டுமே" என்பார். பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாகப் படித்தார்கள். ஐந்து வருட இடைவெளியில் இரண்டு பேருமே தாதியர் பயிற்சிக்குத் தெரிவானார்கள். அந்தத் தோட்டத்திலிருந்து வெள்ளைச் சீருடை போட்ட முதல் இரண்டு பெண்கள் அவர்கள்தான்.

இந்தக் கதை நடக்கும்போது ஜெயராணிக்கு நாற்பத்தாறு வயது. பிலிமத்தலாவையில் வீடு. கணவர் ஜெயராஜ் அங்கேயே ஒரு பித்தளைச் சாமான் கடையில் வேலை செய்கிறார். ஒரே மகன் மட்டக்களப்பில் பல்கலைக்கழகத்தில். ஜெயராணி கண்டியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் பன்னிரண்டு வருடமாகத் தாதி. ஓரிடத்தில் உட்கார முடியாதவள் என்று பெயரெடுத்தவள். சாப்பிடும்போதே எழுந்து போய் யாருடைய சேலைன் தீர்ந்துவிட்டது என்று பார்த்துவிட்டு வருவாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் இறங்க இரண்டு தரிப்பிடம் இருக்கும்போதே எழுந்து வாசலில் நிற்பாள்.

அந்த வார்டுக்கு எட்டு மாதமாகப் பொறுப்பான சிஸ்டர் இல்லை. சிஸ்டர் என்பது ஆஸ்பத்திரியில் உறவுமுறை அல்ல, பதவி. மேற்படிப்பு முடித்து, பரீட்சை எழுதி, வார்டு முழுவதையும் ஆளுகிறவருக்குத்தான் அந்தப் பெயர். மற்றத் தாதிகள் எல்லாம் வெறும் மிஸ். அந்த எட்டு மாதமும் மருந்து அலுமாரிச் சாவி ஜெயராணியின் சட்டைப் பையில்தான் கிடந்தது. கடமை அட்டவணையையும் அவளே போட்டாள். பட்டம் இல்லாவிட்டாலும் ராச்சியம் அவளுடையதுதான்.

வைகாசியில் புது சிஸ்டர் வந்தார். யோகராணி.

தாதிகளுக்கெல்லாம் மேலதிகாரியான மேட்ரன் இதை வேண்டுமென்று செய்யவில்லை. அந்த வார்டுக்கு ஆள் தேவைப்பட்டது, இவள் இடமாற்றம் கேட்டிருந்தாள், அவ்வளவுதான். முதல் நாள் காலையில் எல்லாத் தாதிகளும் வரிசையாக நின்று "குட் மோர்னிங் சிஸ்டர்" என்றபோது ஜெயராணியும் சொன்னாள். சொன்ன கையோடு சாவியை எடுத்து நீட்டினாள். யோகராணி அதை வாங்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, சாவியைத்தான் பார்த்தாள். அன்று முழுக்க ஜெயராணியின் கை வெறும் பையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

வீட்டில் அக்கா, நீ, வா, போ. வார்டில் "ஜெயராணி மிஸ், ஆறாம் கட்டிலுக்கு ரிப்போர்ட் வந்துட்டுதா?" துப்புரவு வேலை செய்யும் சிங்களப் பெண் ஒருத்தி இதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். உங்கள் நங்கி, அதுதான் தங்கச்சி, எங்களுக்கு சிஸ்டர், உங்களுக்கும் சிஸ்டர், இது என்ன கணக்கு என்பாள். ஜெயராணியும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு மருந்து வண்டியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளிக்கொண்டு போவாள்.

மழை தொடங்கியதும் டெங்கு தொடங்கியது. கட்டில்கள் நிறைந்து, இரண்டு கட்டிலுக்கு நடுவிலும் ஒரு கட்டில் போட்டார்கள். அப்படி நடுக் கட்டிலில் வந்து சேர்ந்தவள்தான் மின்ஹா. உயர்தரம் படிக்கிற பிள்ளை, குண்டசாலைப் பக்கம். ஒரு கையில் சேலைன் ஏற, மறு கையில் செங்கல் மாதிரி ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பிடித்தபடி ஆறு நாள் கிடந்தாள். காய்ச்சல் பார்க்கப் போனால் "ஒரு பக்கம் மட்டும் மிஸ்" என்று கெஞ்சுவாள்.

வீட்டுக்குப் போகும் நாளில் அவள் கேட்டாள்: "மிஸ், நீங்க சிஸ்டருக்குத் தாத்தாவாம், உண்மையா?"

முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள் என்று ஜெயராணிக்குத் தெரியும். ஆனாலும் தனக்கு மீசை வைத்துப் பார்த்து ஒருமுறை சிரித்துக்கொண்டாள். "ஆமாம்மா. யாரு சொன்னா?"

"வார்டுல எல்லாருக்கும் தெரியுமே. இந்தாங்க, இத வாசிங்க. இதுலயும் ஒரு தாத்தாவும் தங்கச்சியும் ஈக்கிறாங்க. ஆனா கிரீடம் ஒண்டுதான் ஈக்கிது. முடிச்சிட்டு, நான் கிளினிக் வரக்கொள்ள தாங்க."

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஜெயராணி ஒரு நாவல்கூட வாசித்ததில்லை. அதுவும் இது பிள்ளைகள் வாசிக்கிற மாயக்கதை, நானூற்றெண்பது பக்கம். அட்டையில் ஒரு வெள்ளைக் கோட்டை. பைக்குள் போட்டாள். அன்று பேராதனையில் பஸ் வழக்கம்போல் நெரிசலில் நின்றபோது, சும்மா எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டினாள். பிலிமத்தலாவையைத் தாண்டிக் கடுகண்ணாவையில் இறங்கித் திரும்பி வந்தாள்.

உப்பு ஏரி ஒன்றின் நடுவே ஒரு நாடு. ராணி இறந்துபோகிறாள். இரண்டு மகள்கள். மூத்தவள் இவ்ரா, இளையவள் தேஸ். சிம்மாசனத்துக்குரிய இவ்ரா, தாயைப் புதைத்த கையோடு, "நீயே உட்கார், உனக்குத்தான் அதற்கான நெஞ்சு இருக்கிறது" என்று தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறாள். அந்தக் கிரீடத்துக்கு ஒரு சக்தி உண்டு. அதை அணிந்து ராணி இடுகிற கட்டளைக்கு ஏரியும் பணியும், படையும் பணியும். ஆனால் ஒவ்வொரு கட்டளைக்கும் ராணியை அதிகமாக நேசிக்கிற ஆள் தன் வாழ்நாளில் ஒரு நாளை மறந்துவிடுவார். ஒரு முழு நாள், விடிந்ததிலிருந்து பொழுது சாய்ந்தது வரை, நினைவிலிருந்து போய்விடும். இவ்ராவுக்கு இது தெரியாது. தன் நாட்களில் ஏன் ஓட்டை விழுகிறது என்று புரியாமல் கோட்டைக்குள் அலைகிறாள்.

முதல் முப்பது பக்கம் கைபேசியில் சொற்களுக்கு அர்த்தம் தேடித் தேடி வாசித்தாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள். தெரியாத சொல்லை மிதித்துக்கொண்டு ஓடினாள். பஸ் நெரிசலில் நின்றால் சந்தோஷமாக இருந்தது. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. ஜெயராஜ் வந்து, "பரீட்சை கிரீட்சை எழுதப் போறியா?" என்று கேட்டதற்கு, "அந்தச் சின்னவளுக்குத் தெரிஞ்சிருக்குங்க! தெரிஞ்சே செய்றா!" என்று பதில் சொன்னாள். அவர் ஒன்றும் விளங்காமல் பருப்புச் சட்டியைத் தானே கழுவினார்.

வாசிக்க வாசிக்க மனம் அமைதியாகவில்லை, இன்னும் தவித்தது. வார்டில் நடந்தபடியே இவ்ராவுக்காகச் சண்டை பிடித்தாள். யோகராணி மேசையில் குனிந்து அட்டவணை எழுதுவதைப் பார்க்கும்போது, என்னை அறியாமல் என்னிடமிருந்து எந்த நாளை எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு நினைப்பு ஓடும். சீ, என்ன பைத்தியம் என்று தலையை உதறுவாள்.

அது ஒரு வியாழக்கிழமை. பதினான்காம் கட்டிலில் ஒரு டெங்கு நோயாளி, இரண்டு பிள்ளைகளின் தாய், ஆபத்தான கட்டத்தில் இருந்தாள். மணிக்கு ஒருமுறை நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்து எழுத வேண்டும். அந்தக் கட்டில் ஜெயராணியின் பொறுப்பு. ஒன்பது மணிக்குப் பார்த்துவிட்டு, ஒன்பதே முக்காலுக்குத் தேநீர் குடிக்க உடுப்பு மாற்றும் அறைக்குப் போனாள். பத்து நிமிடம் என்றுதான் புத்தகத்தைத் திறந்தாள். அந்தப் பக்கத்தில் இவ்ரா தன் தங்கைக்கு ஏரியில் நீந்தக் கற்றுக்கொடுத்த நாளை மறந்துபோகிறாள். தேஸ் அதைக் கதவருகில் நின்று பார்க்கிறாள். பார்த்துவிட்டு, திரும்பிப் போய், மீண்டும் கிரீடத்தை எடுத்து வைக்கிறாள். ஜெயராணி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். தேநீர் ஆறிப்போனது.

தலையை நிமிர்த்தியபோது மணி பத்து இருபத்தைந்து.

ஓடினாள். இரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடையே இருக்க வேண்டிய வித்தியாசம் சுருங்கி இருபதில் வந்து நின்றது. கை குளிர்ந்திருந்தது. டொக்டரைக் கூப்பிட்டார்கள், வேகமாகச் சேலைன் ஏற்றினார்கள், யோகராணியே பக்கத்தில் நின்று நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெண் தேறிவிட்டாள். பிறகுதான் யோகராணி சார்ட்டை எடுத்துப் பார்த்தாள். பத்து மணிக் கட்டத்தில் பத்து இருபத்தைந்து என்று ஜெயராணி ஒளிக்காமல் எழுதியிருந்தாள்.

"ஜெயராணி மிஸ், நாளைக்குக் காலைல இதுக்கு எழுத்துல விளக்கம் வேணும்" என்றாள் எல்லோர் முன்னாலும்.

ஜெயராணி வீட்டுக்குப் போய் உட்காரவில்லை, படுக்கவில்லை. அலுமாரியில் இருந்ததையெல்லாம் இறக்கி மடித்து மீண்டும் அடுக்கினாள். அந்தப் பெண்ணின் குளிர்ந்த கை தன் கையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. புத்தகத்தைத் தொடவில்லை. மறுநாள் விடியவும் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

யோகராணி வாசித்துவிட்டு எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

"என்னாக்கா இது? நாவல் வாசிச்சிக்கிட்டு இருந்தேன்னு எழுதியிருக்க?"

"அதுதானே நடந்துச்சு."

"இது மேட்ரனுக்குப் போகும், தெரியுந்தானே? வேற பேஷண்ட பாத்துக்கிட்டு இருந்தேன்னு எழுது. பதினாறாம் கட்டில் அம்மா வாந்தி எடுத்தாங்கல்ல, அத எழுது. நான் கையெழுத்து வச்சுர்றேன்."

"அவங்க வாந்தி எடுத்தது ஏழு மணிக்கு."

"எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு எல்லாரும் பாக்க எழுத்துல கேட்ட? வாயால கேட்டிருந்தா வாயாலயே சொல்லியிருப்பேனே."

"சொந்த அக்கான்னு விட்டுட்டாள்னு சொல்ல மாட்டாங்களா? நான் இந்தக் கதிரையில உக்காந்த நாள்ல இருந்து அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருக்காங்க!" யோகராணியின் குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டு, "அப்படி என்னாதான் இருக்கு அந்தப் புத்தகத்துல? நீ டியூட்டிய விடுற ஆளா?" என்றாள்.

ஜெயராணி சொன்னாள். நின்றபடியே, கையை ஆட்டி ஆட்டி, ஏரி, கோட்டை, வாசலில் வந்து நிற்கிற எதிரி, கிரீடம், மறந்துபோன நாட்கள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டு வரும்போதே கோபம் ஏறியது. "அவளுக்குத் தெரியும் யோகா. அக்கா அழியுறான்னு தெரிஞ்சே செய்றா."

யோகராணி கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தாள். பிறகு, "எதிரி வாசல்ல நிக்கிறான்னு சொன்னியே. கிரீடத்த வைக்காட்டி நாட்டுல எல்லாரும் சாவாங்க. அவ என்னா செய்வா?" என்றாள்.

"அக்காகிட்டச் சொல்லலாமே! ஒரு வார்த்தை."

"சொன்னா அக்கா போதும்னு சொல்லியிருப்பாளா? செய்யின்னுதான் சொல்லுவா. விட்டுக்குடுத்தே பழகினவ."

இரண்டு பேருக்கும் அதற்குமேல் அது இவ்ராவையும் தேஸையும் பற்றிய பேச்சாக இருக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் கொழும்பில் சிஸ்டர் படிப்புக்கு இருவருக்கும் ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. அதே மாதம் அம்மா ராக்கம்மா பாரிசவாதத்தில் விழுந்தாள். ஒருத்தி இருந்தாக வேண்டும். ஜெயராணி தன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தங்கையின் பெட்டிக்குத் துணி அடுக்கினாள். இரண்டு வருடம் அம்மாவைத் தூக்கித் துடைத்து, கடைசியில் அவளுடைய கண்களையும் தன் கையாலேயே மூடினாள். அதைப் பற்றி அக்காவும் தங்கையும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நீதானே போன்னு சொன்ன" என்றாள் யோகராணி, யாரும் கேட்காமலே.

"சொன்னேன். 'இல்லக்கா, நீ போ'ன்னு நீ ஒரு தடவையாவது சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பஸ் ஏறுற வரைக்கும் பாத்தேன்."

"சொல்லியிருந்தா போயிருப்பியா?"

போயிருப்பேனா என்று ஜெயராணிக்கு உண்மையாகவே தெரியவில்லை. வெளியே யாரோ "சிஸ்டர்!" என்று கூப்பிட்டார்கள். யோகராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். விளக்கத்தை அவள் மறுபடியும் மாற்றச் சொல்லவில்லை. எழுதியது எழுதியபடியே மேட்ரனுக்குப் போனது.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஜெயராணியின் சேவைக் கோப்பில் அது சேர்ந்தது. இருபத்திரண்டு வருட வேலையில் முதல் கறை. பதினான்காம் கட்டில் பெண் வீட்டுக்குப் போகும்வரை ஜெயராணி அவளை மணிக்கு இரண்டு தடவை பார்த்தாள். போகும் அன்று பிள்ளைகளுக்கு என்று ஒரு பிஸ்கட் பெட்டியைக் கையில் திணித்து, வாசல் வரை போய் விட்டுவிட்டு வந்தாள். தான் பிந்தியதைப் பற்றி அவளிடம் சொல்ல வாய் வந்தது, சொல்லவும் செய்தாள். அந்தப் பெண் சிங்களத்தில், "மிஸ் ஓடி வந்ததுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது" என்றாள். அது ஜெயராணியைத் தேற்றவில்லை.

அடுத்த நாள் பிள்ளைகள் வார்டுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தாள். யோகராணிக்கு மேட்ரன் சொல்லித்தான் தெரிந்தது. உடுப்பு மாற்றும் அறைக்கு நேரே வந்தாள்.

"என்னைய விட்டுட்டுப் போறியா?"

"உன்னைய ஏன் விடுறேன்? சிஸ்டரத்தான் விட்டுட்டுப் போறேன்."

யோகராணிக்குக் கோபத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "போ போ. அங்கேயும் ஒரு சிஸ்டர் இருப்பா. அவ ஒன்னைய ஒரு நிமிஷம் பிந்தவும் விட மாட்டா."

"நல்லது. அவளுக்கு நான் துணி அடுக்கிக் குடுக்கலல்ல."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன உடனேயே தோன்றியது. யோகராணி திரும்பிப் போய்விட்டாள்.

மாற்றம் கிடைத்த வாரத்தில் ஒரு நாள், கடமை ஒரு மணிக்கு முடிந்ததும் ஜெயராணி பஸ்ஸுக்குப் போகாமல் குளத்தங்கரைக்குப் போய், மரநிழல் ஆசனம் ஒன்றில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். கடமை நேரத்தில் திறந்த புத்தகத்தைத் தன் சொந்த நேரத்தில் முடித்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். காகங்கள் கத்தின, சுற்றுலாப் பயணிகள் படம் பிடித்தார்கள், அரை மணி தூறியது, குடையை விரித்துக்கொண்டு வாசித்தாள். மூன்றரை மணி நேரம் அவள் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வார்டில் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள்.

கடைசி அத்தியாயத்தில் எதிரி தோற்றுப்போகிறான். தேஸ் கிரீடத்தைக் கழற்றி ஏரியில் எறிந்துவிட்டு அக்காவைத் தேடி ஓடுகிறாள். இவ்ரா வாசலில் நிற்கிறாள். தங்கையை ஏற இறங்கப் பார்க்கிறாள். "நீ ரொம்பக் களைத்திருக்கிறாய் பெண்ணே, உள்ளே வா. உன் பெயர் என்ன?" என்கிறாள். அத்துடன் புத்தகம் முடிந்தது. இரண்டாம் பாகம் வரும் என்று கீழே இரண்டு வரி.

"இப்படியா முடிப்பாங்க!" என்று ஜெயராணி சத்தமாகவே சொல்லிவிட்டாள். பக்கத்து ஆசனத்தில் இருந்த தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து குளத்தைச் சுற்றி நடந்தாள், கால் நிற்கவில்லை. தெரியாத பெண்ணையும் களைத்திருக்கிறாய் உள்ளே வா என்று கூப்பிடுகிறாளே, அவ்வளவு நாளும் போன பிறகும் அது மட்டும் போகவில்லையே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அவர்களை அப்படி வாசலிலேயே நிறுத்தி வைத்த எழுத்தாளர்மேல் கோபமும் வந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும்போல் இருந்தது. சொல்வதற்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள், அவளோடு இரண்டு வாரமாகப் பேச்சில்லை.

யோகராணியின் வீடும் குண்டசாலையில்தான்; அந்தப் பஸ்ஸில் ஏறினாள்.

யோகராணி கதவைத் திறந்து, சொல்லாமல் வந்து நின்ற அக்காவைப் பார்த்துப் பயந்துபோனாள். "என்னா ஆச்சு? அத்தானுக்கு ஏதும்...?"

"ஒன்னும் இல்ல. இந்தா." புத்தகத்தை நீட்டினாள். "வாசி. சனிக்கிழமைக்குள்ள முடி. அடுத்த வாரம் அந்தப் பிள்ளை கிளினிக் வருது, திருப்பிக் குடுக்கணும்."

"எனக்கு எங்கக்கா நேரம்?"

"பஸ்ல வாசி. டியூட்டில மட்டும் வாசிச்சிராத."

தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை கைபேசியில் செய்தி வந்தது: "பக்கம் 290. தேஸ் பாவம்." ஜெயராணி, "பாவமா? மேல வாசி" என்று அனுப்பினாள். சனிக்கிழமை முழுக்கச் செய்தி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் யோகராணியே பிலிமத்தலாவைக்கு வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றும் முன்பே தொடங்கினாள்.

"அவ செஞ்சது தப்புத்தான், ஒத்துக்கிறேன். ஆனா அவ யாரோட பேசுவா? கோட்டை முழுக்க அவளுக்குத் தலைய ஆட்டுற ஆளுங்க. ஒருத்தன்கூட அவ பேரச் சொல்லிக் கூப்பிடல. நீ அதக் கவனிச்சியா? முழுப் புத்தகத்துலயும் ஒரு தடவை கூட இல்ல!"

ஜெயராணி கவனித்திருக்கவில்லை. இவ்ராவின் பக்கமே நின்று வாசித்ததில் அது கண்ணில் படவில்லை. ரொட்டி சுட்டுக்கொண்டே, "அதுக்காக?" என்று விட்டுக்கொடுக்காமல் கேட்டாள்.

மத்தியானம் வரை சண்டை போட்டார்கள். ஜெயராஜ் நடுவில் வந்து, யார் இந்த இவ்ரா, தோட்டத்தில் யாராவதா என்று விசாரித்துவிட்டுப் போனார். முடிவு எதுவும் ஏற்படவில்லை. யார் சரி என்பதில் இரண்டு பேரும் இம்மியும் நகரவில்லை. போகும்போது வாசலில் நின்று யோகராணி, "அக்கா, அன்னைக்கி பஸ்ல... எனக்கும் தெரியும், நீ பாத்துக்கிட்டு நின்ன. அதனாலதான் நான் திரும்பிப் பாக்கல" என்றாள். ஜெயராணி தலையை ஆட்டினாள். தங்கையின் தோளில் கிடந்த ஒரு நூலை எடுத்துப் போட்டாள். அந்த விஷயத்தில் அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

மின்ஹா கிளினிக்குக்கு வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. "ரெண்டாவது பாகம் வந்திட்டு மிஸ், கண்டில ஒரு கடையில சொன்னா எடுப்பிச்சித் தருவாங்க" என்றாள்.

ஜெயராணி அன்றே இடைவேளையில் அந்தக் கடைக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒரு பிரதிதான் கொழும்பிலிருந்து வருகிறது, அதற்கு ஏற்கெனவே பெயர் பதிவாகிவிட்டது என்றார் கடைக்காரர்.

"யாரு பேருக்கு?"

"குண்டசாலையில ஒரு மிஸ். இல்ல, சிஸ்டர்ன்னு சொன்னாங்க."

ஜெயராணிக்கு ஒரு நொடி சுர்ரென்று ஏறியது. "அப்படின்னா இன்னொன்னு எடுப்பிச்சுத் தாங்க" என்றாள். தன் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பதிந்துகொண்டாள். மூன்று வாரம் ஆகும் என்றார் அவர். மூன்று வாரம்! கைபேசியைப் பையில் போட்டுவிட்டு மணியைப் பார்த்தாள். இடைவேளை முடிய இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. அதற்குள்ளேயே வார்டுக்குள் போய்விட்டாள்.